பேரு குடுத்துட்டியா?

(கட்டாய ராணுவ சேவை பற்றி ஒரு விளக்கம்)



போன வருஷம் ஒரு சனிக்கிழமை. ஹாஸ்டலில் இருந்து ஊருக்குப் போனபோது என் பையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அக்னிவீர் ஆள்சேர்ப்பு பற்றி சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்தது. அதை டி.வி. மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. துப்பாக்கி பிடித்து நிற்கும் பையனின் படம் மட்டும் போதுமானதாக இருந்தது.

"ஏல மக்கா, பேரு குடுத்துட்டியா?"

"இல்லம்மா, சும்மா நோட்டீஸ்தான்."

"பேரு எழுதிட்டாவன்னா அப்புறம் விடமாட்டாவல. பிடிச்சிட்டுப் போயிருவாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்ம நாட்டுல அப்படியெல்லாம் பிடிச்சிட்டுப் போகமாட்டாங்கம்மா" என்றேன். "ஏன் போகமாட்டாவ?" என்று திருப்பிக் கேட்டாள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பேங்க் கடிதம், ரேஷன் கடை விஷயம், மீனவர் நலவாரியத் தாள் என்று எது வந்தாலும் வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டியது என் டியூட்டி. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. அதன் பிறகு லைப்ரரியில் தேடியும் ஆசிரியர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினெட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முதலில் அம்மாவின் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சும்மா வந்த பயம் இல்லை. அம்மா கருவாடு விற்கப் போகும் சந்தைக்கு இலங்கைத் தமிழர் முகாமில் இருந்தும் பெண்கள் வருவார்கள். அதில் ஒரு அக்காவின் தம்பி, பதினாறு வயதுப் பையன், 1989-இல் மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவன் வீடு திரும்பவில்லையாம். வேனில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். யார் ஏற்றினார்கள் என்று அந்த அக்கா அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. "கேன் மட்டும் ரோட்டுல கெடந்துச்சாம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

எங்கள் கரையில் இருந்து பார்த்தால் இலங்கை தெரியாது. ஆனால் ரொம்ப தூரமும் இல்லை. தமிழர்கள் நடுவில் கட்டாய ஆள்சேர்ப்பு என்பது புத்தகத்தில் மட்டும் இல்லாமல் உண்மையாகவே நடந்த இடம் அதுதான். இந்திய அமைதிப்படை அங்கே இருந்த காலத்தில், வடக்கு கிழக்கு மாகாண சபையை ஈ.பி.ஆர்.எல்.எஃப். நடத்திக்கொண்டிருந்தது. அப்போது தமிழ்த் தேசிய ராணுவம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். 1989-இல் அதற்காக இளைஞர்களை ரோட்டிலும் வீட்டிலும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படை முழுவதுமாகக் கிளம்பிவிட்டது. சரியாகப் பயிற்சிகூட இல்லாத அந்தப் பையன்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். பலர் செத்துப் போனார்கள்.

அதோடு முடியவில்லை. பின்னாளில் விடுதலைப் புலிகளும் 2006 முதல் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கல்யாணம் ஆனவர்களை முதலில் விட்டுவைத்ததால் பெற்றோர் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். சிலர் பிள்ளைகளைக் குழி தோண்டி ஒளித்து வைத்தார்கள். 2009-இல் போரின் கடைசி மாதங்களில் பதினாலு வயதுப் பிள்ளைகள்கூடக் கொண்டுபோகப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. அந்த மக்களுக்கு நடந்த அநியாயங்களைக் கேட்டே வளர்ந்தவன் நான். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனாலேயே இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, கூட்டிக்கொண்டு போனது யார் கொடி என்பதில் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்கு ஒருவர் என்று கேட்க வேண்டுமானால், எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை வயது என்ற கணக்கு முதலில் கையில் இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் எழுதுவது நடக்கிறது. படிக்காத அம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்!

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எந்த யுத்தத்திலும், 1962-இல் சீனா வந்தபோதும் 1971-லும்கூட, பொதுஜனங்களை வற்புறுத்திப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்த சுமார் 25 லட்சம் பேரும் தாங்களே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள்தான். (பசி எத்தனை பேரைக் கையெழுத்துப் போட வைத்தது என்பது வேறு கணக்கு.) இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதன்படி கட்டாயமாகப் பெயர் பதிந்து பயிற்சிக்குப் போக வேண்டியவர்கள் இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள்! இந்தியர்களுக்கு இஷ்டம் இருந்தால் சேரலாம் என்று வைத்திருந்தார்கள்.

அப்படியானால் சட்டம் தடுக்கிறதா? இல்லை நண்பர்களே. நானும் தடுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய வேலை வாங்குவதையும் பிச்சைக்கூலி வேலையையும் தடை செய்கிறது. அதே பிரிவின் இரண்டாம் பகுதியோ, பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்கிறது. அப்படி விதிக்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு என்ற காரணத்துக்காக மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது, அவ்வளவுதான். ஆண், பெண் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் படிக்கும் தங்கைமார் இரண்டு பேர் "அப்போ நாங்களும் போகணுமா, எங்களை விட்டுடுவாங்களா?" என்று சண்டை போட்டார்கள். எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் அடிப்படைக் கடமைகள் என்று சேர்த்தார்களே, அதிலும் நாட்டைக் காப்பதும் அழைக்கும்போது தேசப்பணி செய்வதும் குடிமகனின் கடமை என்று இருக்கிறது. ஆகவே கதவைப் பூட்டவில்லை, சாத்தி வைத்திருக்கிறார்கள்.

இனி வருவது நம்மைப் போன்ற டெக்னிக்கல் மாணவர்களுக்கான பகுதி. கொஞ்சம் கவனமாக வாசியுங்கள்.

யுத்தம் வந்தால் அரசாங்கத்துக்கு முதலில் யார் தேவைப்படுவார்கள்? துப்பாக்கி தூக்குபவன் என்று நினைப்போம். ஆனால் லேத் ஓட்டுபவன், வெல்டிங் தெரிந்தவன், எஞ்சின் பிரித்து மாட்டுபவன் இல்லாமல் யுத்தம் நகராது. அதனால்தான் 1940-இல் பிரிட்டிஷ் அரசு, தொழில்நுட்பப் பணியாளர்களுக்கென்றே தேசியப் பணி அவசரச் சட்டம் ஒன்றைப் போட்டது. சாதாரண ஜனங்களைக் கட்டாயப்படுத்தாத அதே அரசு, ஃபிட்டரையும் டர்னரையும் மட்டும் யுத்தத் தொழிற்சாலைக்குப் போ என்று சொல்லும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அங்கே போனவன் நினைத்தபோது வேலையை விட்டு வரவும் முடியாது. இதற்கென்று தனி டிரிப்யூனல்கள் இருந்தன.

நாம் டிப்ளமோ முடித்ததும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் போய்ப் பதிகிறோமே, அந்த ஏற்பாடும் யுத்தத்தில் பிறந்ததுதான். டெக்னிக்கல் ஆட்களைத் தேடிப் பிடிக்க யுத்தத்தின்போது ஆரம்பித்தது. 1945-இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் சிப்பாய்களுக்கு வேலை கொடுக்க விரிவாக்கினார்கள். 1948-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆட்களை யுத்தத்துக்கு அனுப்ப உதவிய பதிவேட்டு முறை இன்று நமக்கு வேலை தரும் என்று காத்திருக்கும் பதிவேடாக ஆகிவிட்டது. (தருகிறதா என்று கேட்காதீர்கள்!)

சுதந்திர இந்தியாவும் இதை மறக்கவில்லை. பங்களாதேஷ் யுத்தம் முடிந்த மறு வருஷம், 1972-இல், நாடாளுமன்றம் தேசியப் பணிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பொறியியலும் மருத்துவமும் படித்துத் தகுதி பெற்றவர்களின் பெயர்களைப் பதிவு செய்து, தேவைப்பட்டால் தேசப்பணிக்கு அழைப்பதுதான் அந்தச் சட்டம். கவனியுங்கள், வரலாறு படித்தவனையோ வணிகவியல் படித்தவனையோ கேட்கவில்லை. படித்து முன்னேறினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்த என் போன்றவர்களுக்கு இது தலையில் தட்டியது போல இருந்தது. படிப்பே நம்மைப் பட்டியலில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

மாணவர்களைப் பற்றியும் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. 1959-இல் மத்திய அரசு சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. பள்ளி முடித்துக் காலேஜுக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு மாணவனும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை கட்டாயமாகத் தேசியப் பணி செய்ய வேண்டும் என்று அந்தக் கமிட்டி சொன்னது. கொஞ்சம் ராணுவப் பயிற்சி, கொஞ்சம் உடலுழைப்பு, கொஞ்சம் சமூக சேவை, கொஞ்சம் பொது அறிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு தாங்காது, நடத்துவது கஷ்டம் என்று கைவிட்டார்கள். அடுத்த வருஷம் பேராசிரியர் கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு வந்து, விருப்பத்தின் பேரில் நடத்தலாம் என்றார்.

அந்த மை காய்வதற்குள் 1962 வந்தது. சீன யுத்தத்தில் பட்ட அடியின் சூட்டில் 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. இந்திய மாணவர்கள் அனுபவித்த கட்டாய சேவை என்று சொன்னால் இதுதான். அதுவும் அணிவகுப்போடு சரி, ஏனென்றால் என்.சி.சி.யில் சேர்ந்த காரணத்துக்காக யாரையும் போருக்கு அனுப்ப முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஐந்து வருஷம்தான் ஓடியது. 1968-இல் மறுபடியும் விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள். மறு வருஷம் 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். ஆரம்பமானது. நம் பாலிடெக்னிக்கில் ஏழு நாள் கேம்ப் போய் கால்வாய் தூர்வாரிவிட்டு, சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறோமே, அது தேஷ்முக் கமிட்டியின் பேரப்பிள்ளை!

இந்தப் பேச்சு அதோடு ஓயவில்லை. 2018-இல் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, அரசாங்க கெஜட்டட் பதவிக்கு வர நினைப்பவர்கள் ஐந்து வருஷம் கட்டாயமாக ராணுவத்தில் பணியாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேருக்கு சிங்கப்பூர் கனவு இருக்கிறது அல்லவா? அங்கே 1967 முதல் ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். முதல் தடவை 1949-இன் முதல் பாதியில் பிறந்த சுமார் 9,000 பேர் பெயர் பதிந்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் ஒரே விதி, இரண்டு வருஷம். நீங்கள் அங்கே வேலைக்குப் போய் நிரந்தரவாசி ஆனால் உங்களுக்கு வேண்டியதில்லை, ஆனால் உங்கள் மூலமாக நிரந்தரவாசியாகும் மகன் போயே ஆகவேண்டும். அமெரிக்காவில் 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பை நிறுத்திவிட்டாலும், 1980 முதல் ஆண்பிள்ளைகள் பதினெட்டு முடிந்த முப்பது நாளுக்குள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்தது. பட்டாளம் இல்லை, பட்டியல் மட்டும். ஜெர்மனி 2011-இல் கட்டாய சேவையை நிறுத்தி வைத்தது. உக்ரைன் போருக்குப் பிறகு மனம் மாறி, 2025 டிசம்பரில் புதிதாகச் சட்டம் போட்டு, பதினெட்டு வயதாகும் பையன்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவது என்று முடிவு செய்தது. எல்லா இடத்திலும் முதல் படி ஒரு தாள்தான்.

மறுக்க உரிமை உண்டா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனியின் அரசியல் சட்டத்திலேயே, மனசாட்சிக்கு விரோதமாக ஆயுதம் எடுக்க யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று இருக்கிறது. மறுத்தவர்கள் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்தார்கள். அமெரிக்காவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967-இல் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று சொன்னதற்குப் பட்டத்தைப் பறித்து, ஐந்து வருஷம் ஜெயில் தண்டனையும் கொடுத்தார்கள். அப்பீலில் வெளியே இருந்தார். 1971-இல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது. அலியின் பெயர் உலகத்துக்கே தெரியும், வழக்கு நடத்த ஆள் இருந்தது. வள்ளத்தில் போகிறவன் மகன் மறுத்தால் யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?

கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சொல்வதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒழுக்கம் வரும் என்கிறார்கள். இது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. விடியற்காலம் ரெண்டு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகும் என் அப்பாவுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்க பட்டாளம் தேவையில்லை. அவர்களின் இன்னொரு வாதம்தான் என்னைத் தூங்க விடவில்லை. இப்போது பட்டாளத்துக்குப் போவது யார்? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் சிப்பாயாகச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. கட்டாயம் என்று வந்தால் கலெக்டர் மகனும் கட்டுமரக்காரன் மகனும் ஒரே பள்ளத்தைத் தோண்ட வேண்டும். அப்போது யுத்தம் வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் லேசில் சொல்லமாட்டார்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் முப்படைகளிலும் மொத்தமே சுமார் 14 லட்சம் பேர். ஒவ்வொரு வருஷமும் பதினெட்டு வயதைத் தொடுபவர்களோ இரண்டு கோடிக்கு மேல். எல்லோரையும் சேர்க்க பாரக்ஸும் கிடையாது, பணமும் கிடையாது. அப்படியானால் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். பொறுக்குவது என்று வந்துவிட்டால் விலக்கு வாங்கத் தெரிந்தவன் விலக்கு வாங்கிவிடுவான். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. காலேஜில் படிப்பவனுக்குத் தள்ளிவைப்பு கிடைத்தது, காலேஜ் வாசலை மிதிக்காத ஏழைப் பையன் போனான். இங்கே மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. பட்டியலில் பெயர் வருவது சுலபம். பெயரை எடுக்கத்தான் ஆள் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கட்டாயம் வேண்டாம் என்ற பக்கம்தான் நான் நிற்கிறேன்.

பட்டியல் என்றாலே கெடுதல் என்றும் சொல்லமாட்டேன். 2008 நவம்பரில் மும்பையில் கடல் வழியாக வந்து தாக்கியதற்குப் பிறகு, கடலோரத்தில் மீனவர்களுக்குக் கைரேகை எடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அப்பாவிடமும் ஒன்று இருக்கிறது. நடுக்கடலில் யாராவது மறித்தால் அந்த அட்டைதான் அப்பாவுக்காகப் பேசும். எதற்காக எழுதுகிறார்கள், யார் வைத்திருப்பார்கள் என்று எழுதும்போதே சொன்னால் பயம் பாதி போய்விடும்.

கடைசியாக அந்த நோட்டீஸ் விஷயம். அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. இது கட்டாயம் இல்லை. அறிவித்தபோது வயது 17½ முதல் 21 (அந்த ஒரு வருஷம் மட்டும் 23 வரை நீட்டினார்கள்). நாலு வருஷப் பணி. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், நாலாம் வருஷம் 40,000. அதில் முப்பது சதவீதத்தைப் பிடித்து வைத்து, அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருவார்கள். நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதான், பென்ஷன் கிடையாது. பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் ரயிலைக் கொளுத்தும் அளவுக்குக் கலவரம் நடந்தது. ஆனால் அடுத்த மாதமே விமானப்படைக்கு மட்டும் ஏறத்தாழ ஏழரை லட்சம் விண்ணப்பம் குவிந்தது. அந்தக் கோபமும் இந்தக் கூட்டமும் ஒரே வயதுப் பையன்களுடையதுதான். 2023-இல் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்தவர்களும் ராணுவ டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தகுதியை விரிவாக்கினார்கள். சீனியர் அண்ணன் நோட்டீசைக் கொண்டுவந்து கொடுத்ததற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீட்டில் உட்கார்ந்து விளக்கினேன். அப்பா வலை பொத்திக்கொண்டே கேட்டார். பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள், நாமாக எழுதிக் கொடுத்தால்தான் என்றதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து கணக்கைச் சொன்னேன். தினமும் மீன் ஏலத்தில் நிற்கிற அம்மாவுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

"அப்போ நூறு பேரு போனா எழுபத்தஞ்சு பேரத் திருப்பி அனுப்பிருவாவளா? அந்தப் பிள்ளைய வந்து என்ன செய்யும்?"

"பதினோரு லட்சம் குடுக்காவல்லா" என்றார் அப்பா.

"இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசுல பதினோரு லட்சம் எத்தன நாளைக்கு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பதினோரு லட்சத்த நான் ஒருநாளும் மொத்தமாப் பாத்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியைக் கோர்த்தார்.

2022 கடைசியில் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு 2026 கடைசியில் நாலு வருஷம் நிறைகிறது. திரும்பி வருபவர்களுக்கு மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் 10 சதவீதம் ஒதுக்கீடு என்று 2022-இல் அறிவித்தார்கள். அவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது என் யோசனை. எங்கள் வகுப்பில் மூன்று பேர் ஏற்கனவே விண்ணப்பித்துவிட்டார்கள். காலையில் கிரவுண்டில் 1,600 மீட்டர் ஓடிப் பழகுகிறார்கள். நானும் அவர்களோடு ஓடுகிறேன், ஆனால் பெயர் இன்னும் கொடுக்கவில்லை. ஆறாவது செமஸ்டர் முடியட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு முடியாதவனாக இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், எனக்குத் தேவையில்லை. இதை மட்டும் நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த நோட்டீசை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், ஆலந்தலை